அதோ, அப்பா வருகிறார்

இடுப்பில் குழந்தையை ஏந்தி நிற்கிறாள் ஒரு மலையாளப் பெண். வெள்ளை முண்டு, தங்க நகை, காலடியில் ஒரு நாய். தாயும் பிள்ளையும் இடப்பக்கம் பார்க்கிறார்கள். அங்கிருந்து வருகிறவர் படத்தில் இல்லை. ராஜா ரவி வர்மா 1893இல் தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’ இதுதான். ஓவியத்துக்கு நின்றவர் அவருடைய மூத்த மகள் மகாபிரபா, தன் மகனுடன். அதே ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்ற அவரது பத்து ஓவியங்களில் இதுவும் ஒன்று.

வெளியூர்க்காரருக்கு இது சாதாரணக் குடும்பக் காட்சி. மருமக்கத்தாயம் என்னும் தாய்வழி முறை நிலவிய நாட்டிலோ இது ஒரு கட்சியின் வாதம். அங்கே அன்று பிள்ளைகள் தாயின் கூட்டுக் குடும்பமான தறவாட்டைச் சேர்ந்தவர்கள். சொத்து தாய்வழியில் இறங்கியது. வீட்டை ஆண்டவர் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர். சம்பந்தம் என்னும் மணவுறவு கொண்ட கணவன் பெரும்பாலும் வந்துபோகிறவனாகவே இருந்தான். அந்த வருகையையே வீட்டின் பெருநிகழ்வாக வரைந்தது பெரிய துணிச்சல். வரைந்தவரும் வெளியாள் அல்ல. கிளிமானூர்த் தாய்வழிக் குடும்பத்தின் பிள்ளை. அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத்தந்ததும் தாய்மாமன் ராஜராஜ வர்மாவே.

மருமகனுக்குப் பதினான்கு வயதானபோது, 1862இல், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் முன் நிறுத்தினார். எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மதுரைக்காரர். பையனின் கைத்திறம் அவருக்கு அச்சம் தந்தது, கற்றுத்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவு வேளையில் வந்து நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1868இல் அரண்மனைக்கு வந்த ஓவியர் தியடோர் ஜென்சனும், தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இடம் கொடுத்தார். இப்படி ஒளிந்தும் ஒட்டியும் கற்றவர் 1873 சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். நாயக்கரின் கஞ்சத்தனத்தை எல்லா நூல்களும் பேசுகின்றன. ஆறுமுகம் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு வரி. இது பெரும் அநியாயம். குருவின் சினத்துக்கு அஞ்சாத அந்தச் சீடரே இக்கதையின் நாயகர்.

திருமணத்தை வாதமாக்கிய ஓவியம் வேறிடத்திலும் உண்டு. ரஷ்யாவில் ஓவியர் வசிலி புகிரெவ் 1862இல் ‘பொருந்தாத் திருமணம்’ தீட்டினார். அழுது சிவந்த கண்களோடு இளம்பெண், பக்கத்தில் கிழட்டு அதிகாரி, அவள் கையில் சரிந்த மெழுகுவத்தி. அது நேரடிக் குற்றச்சாட்டு. ரவி வர்மா யாரையும் குற்றம் சாட்டவில்லை. தகப்பனோடு கூடிய வீடு எப்படியிருக்கும் என்ற ஆசையை வரைந்தார். அந்த ஆசைக்குப் பெண் கொடுக்க வேண்டிய விலை படத்தில் இல்லை. தறவாட்டில் அவளுக்குப் பிறப்பிலேயே இடமிருந்தது. பிடிக்காத சம்பந்தத்தை விடவும் வழியிருந்தது.

நிலமும் திருமணமும் பின்னிக் கிடந்தது மலையாளக் கரையில் மட்டுமல்ல. பழனி மலையின் வழக்கம் ஒன்றை 1906 மதுரை மாவட்ட கெசட்டியர் பதிவு செய்தது. ஆண் வாரிசு இல்லாத பெற்றோர் மகளை வீட்டுக்கே மணம் முடித்துவைப்பார்கள். கழுத்தில் தாலிக்குப் பதிலாக வலக்கையில் வெள்ளிக் காப்பு. அவளுடைய மகன் தாத்தாவின் சொத்துக்கு வாரிசு.

மருமக்கத்தாயத்தை மாற்றிய சட்டத்தின் கதை சுருக்கமானது. 1890இல் சி. சங்கரன் நாயர் சம்பந்தத்தைத் திருமணமாக ஏற்கக் கோரிச் சென்னைச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1891இல் நீதிபதி தி. முத்துசாமி அய்யர் தலைமையில் மலபார் திருமண ஆணையம் விசாரித்தது. 1896இல் வந்த சட்டம், பதிவு செய்த சம்பந்தத்தை மட்டும் திருமணமாக ஏற்றது. பதிவு செய்ய வந்தவர்கள் மிகச் சிலரே. ரவி வர்மாவின் திருவிதாங்கூர் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. மலபாரில் மனைவிக்கும் மக்களுக்கும் தகப்பன் சொத்தில் உரிமை தந்தது 1933 மருமக்கத்தாயச் சட்டம். கூட்டுக் குடும்ப முறையையே கேரளம் 1975இல் சட்டமியற்றி ஒழித்தது.