முத்துக்கரையில் சுண்ணாம்பும் சிமெண்டும்

கட்டடக்கலை வரலாறு என்றவுடன் கோபுரமும் கோட்டையுமே மாணவர் நினைவுக்கு வரும். அவற்றைப் பிணைத்து நிறுத்தும் கலவைக்கும் ஒரு வரலாறு உண்டு. தூத்துக்குடிக் கரையில் அது நன்கு விளங்கும்.

முத்தை ஈந்த கடலே இக்கரைக்குச் சுண்ணாம்பையும் ஈந்தது. சிப்பியையும், முருகைக்கல் எனும் பவளப்பாறையையும் காளவாயில் சுட்டு நீற்றினர் நம் முன்னோர். (அப்பாறைகளை அளவின்றி வெட்டியதால் மன்னார் வளைகுடாவில் இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தன, அது தனித் துயரக்கதை.) அச்சுவர்களுக்குள் இரும்புக் கம்பி இல்லை. ஆகவே உப்பு உட்புகுந்தாலும் துருப்பிடிக்க அங்கே ஒன்றுமில்லை.

1904-இல் சென்னையில் தொடங்கிய இந்தியாவின் முதற் சிமெண்ட் முயற்சியும் கடற்சிப்பியையே நம்பியது, நிலைக்கவில்லை. பின்னர்ச் சிமெண்ட் பெருகியது. கான்கிரீட்டுக்குள் கம்பியும் புகுந்தது. கொத்தனார் கற்ற வாய்பாடு ‘ஒன்று, இரண்டு, நான்கு’: சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரு பங்கு, ஜல்லி நான்கு பங்கு. இதில் நீர் எங்கே? கான்கிரீட்டின் வலிமை சிமெண்டுக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று அமெரிக்க அறிஞர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் எடுத்துக்காட்டினார்.

நம் நாட்டு நெறிநூலான ஐ.எஸ். 456 முதலில் 1953-இல் வெளிவந்தது. அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கட்டடம் எங்கே நிற்கிறது என்று முதலிற் கேட்கிறது. கடற்காற்றுத் தாக்கும் கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 தரம் வேண்டும். கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட் வேண்டும். நீர் விகிதம் 0.45-ஐ மிஞ்சலாகாது. அலை ஏறி இறங்கும் துறைமுகத் தூணுக்கோ எம்-40, 360 கிலோ, 0.40. உள்நாட்டு ஊருக்கு எழுதிய விவரக்குறிப்பை அப்படியே படியெடுத்து இங்கே ஒட்டுவது பெரும்பிழை. நான் பணியாற்றிய கடலோரப் பள்ளி ஒன்றில், தாழ்வாரத்துக் காரை கம்பி தெரியப் பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் அப்போது திடலில் இருந்தனர்.

மற்றொரு பிழை கண்ணுக்குத் தெரியாதது. விகிதம் 0.45 எனில் 50 கிலோ மூட்டைக்கு நீர் 22.5 லிட்டர். அதனோடு சேரும் 80 கிலோ மணலில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரமிருந்தால், ஏறத்தாழ 4 லிட்டர் நீர் மறைந்து வருகிறது. விகிதம் 0.53 ஆகிவிடும்! மணலின் ஈரத்தை அன்றன்று அளந்து கழிக்குமாறு விவரக்குறிப்பிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

கலவையைக் கன அச்சில் வார்த்து 28-ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பது வழக்கம். வலிமையை அது சொல்லும், உப்பைச் சொல்லாது. கடல்மணல் கலந்த கட்டியும் அன்று தேறிவிடக்கூடும். கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளப்பதற்கு ஆண்டுகள் ஆகும். அதனால் நீரையும் மணலையும் கலப்பதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.