குட்டி யானை கடல் கடந்த கதை

அந்தமானின் ஹேவ்லாக் தீவு ஜெட்டியில் படகு வந்து நின்றதும் பயணிகளோடு மூட்டைகளும் இறங்குகின்றன. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை அட்டைகள், அரிசி. இந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. இங்கே விளையாததெல்லாம் கடல் தாண்டித்தான் வரவேண்டும். ரிவர்ஸில் வந்து நிற்கிறது ஒரு சின்ன வண்டி. ஓட்டுநர் இறங்கிக் கொண்டியை எடுத்துவிட, பின்கதவு இரண்டு சங்கிலிகளில் படுத்துக்கொண்டு மூட்டை வைக்கும் திண்ணையாகிறது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கால் மணி நேரத்தில் வண்டி நிறைந்து, தார்ப்பாய் மூடி, கயிறு இறுகிவிடுகிறது. பிக்கப், லோடு வண்டி, குட்டி யானை என்று நாம் பல பெயரில் கூப்பிடும் இந்த வண்டி, இந்த ஜெட்டிக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிக்கப்புக்குத் தகப்பன் என்று ஒருவரைக் காட்ட முடியாது. கார் வந்த புதிதில் அமெரிக்க விவசாயிகள் பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மரப்பெட்டியை முடுக்கிக்கொண்டார்கள். 1913இல் ஒஹையோ மாநிலத்தின் காலியன் என்ற சிற்றூரில், ஃபோர்டின் மாடல் டி காருக்கு அளவாக இரும்புப் பெட்டி செய்து விற்க ஒரு கம்பெனி கிளம்பியது. வண்டி ஒருவரிடம், பாடி இன்னொருவரிடம். சேஸ் வாங்கிவந்து நாமக்கல்லில் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. அடுத்தவர் தொழிலைக் கவனித்துக்கொண்டிருந்த ஃபோர்டு, 1925இல் தானே பெட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. அந்த வண்டியின் பெயரிலேயே ‘பிக்கப்’ என்ற சொல் இருந்தது.

அடுத்த திருப்பம் ஒரு கடிதத்தில் வந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் பணமுடை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்கு எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் தேவாலயம் போகவேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும், இரண்டு வண்டி வாங்க வசதியில்லை. லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அந்தக் கடிதத்தை மனத்தில் வைத்து வரைந்தார். முன்பாதி கார், பின்பாதி லாரி, இரண்டும் தையல் தெரியாமல் ஒரே உடம்பு. 1934இல் விற்பனைக்கு வந்த அதை ஆஸ்திரேலியர்கள் இன்றும் ‘யூட்’ என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

பிறகு கதைக்குள் கோழி வந்தது. 1960களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரியை ஏற்ற, பதிலடியாக அமெரிக்கா சிறிய டிரக்குகளின் இறக்குமதிக்கு 25 சதவீத வரி போட்டது. குறி ஜெர்மானிய வேன்களுக்கு. அடி விழுந்தது ஜப்பானிய பிக்கப்புகளுக்கும். ஜப்பானியர்கள் சளைக்கவில்லை. முன்பகுதியும் சேஸும் மட்டும் கப்பலேறின. அவற்றுக்கு வரி குறைவு. துறைமுகத்தில் இறங்கியதும் பின்பெட்டி பூட்டப்பட்டது. 1913இல் காலியனில் இருந்த பழைய ஏற்பாடு, கோழியின் தயவால் திரும்பி வந்தது. 1980இல் அந்தச் சந்து அடைக்கப்பட்டது. கோழி வரி என்ற பெயரோ இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் நாட்டுக்குள் இந்த வண்டி இரண்டு வாசல் வழியாக நுழைந்தது. ஒன்று, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மகிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் பூட்டத் தொடங்கிய ஜீப். மகிந்திராவின் பிக்கப்புகள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவை. மற்றொன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்த டெம்போ என்னும் மூன்று சக்கர வண்டி. 1958இல் பஜாஜ் டெம்போ அதை உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது. கம்பெனிப் பெயர் பொதுப் பெயராகிவிட்டது. யார் செய்த சின்ன லோடு வண்டியானாலும் நமக்கு அது டெம்போதான்.

2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. அதை உருவாக்கிய குழு முதலில் மூன்று சக்கர ஓட்டுநர்களைத் தேடிப்போய்ப் பேசியது. நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் பெண் கொடுப்பார்கள் என்று ஓர் இளைஞர் சொன்னதாகச் சொல்வார்கள். சுமை பற்றிக் கேட்கப்போனவர்களுக்கு மரியாதை பற்றிப் பதில் கிடைத்தது. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கியதுபோல் இரண்டு சிலிண்டர், 702 சிசி. முக்கால் டன் சுமை. சந்துக்குள் திரும்பும் உடம்பு. இந்தியில் ‘சோட்டா ஹாத்தி’, தமிழில் ‘குட்டி யானை’. வெற்றியைப் பார்த்துப் போட்டி வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. 2011இல் நம் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தது.

அந்தமானில் இந்தப் பெயருக்கு இன்னொரு பொருத்தம் உண்டு. இங்கே காட்டு மரம் இழுக்க நிஜ யானைகளையே கப்பலில் கொண்டுவந்தார்கள். அவை தீவுக்குத் தீவு நீந்தியும் போயின. அப்படி மரம் இழுத்த ராஜன் என்ற யானை, 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பின் ஹேவ்லாக்கிலேயே ஓய்வாக வாழ்ந்து, கடலில் நீந்தும் யானையாக உலகப் புகழ் பெற்று, 2016இல் இறந்தது. பெரிய யானைகள் காட்டைத் தீவுகளிலிருந்து வெளியே இழுத்தன. குட்டி யானைகள் சோற்றுக்கு வேண்டியதை உள்ளே கொண்டுவருகின்றன.

இருக்கையைக் கழற்றிய விவசாயி, கடிதம் எழுதிய பெண்மணி, பெண் தேடிய ஓட்டுநர் என்று சுமை தூக்குகிறவர்கள் வாய் திறந்தபோதெல்லாம் இந்த வண்டி ஒரு படி மாறியிருக்கிறது. ஜெட்டியில் கடைசி மூட்டை ஏறியதும் பின்கதவைச் சாத்துகிறார் ஓட்டுநர். அதன் விளிம்பில் உப்புக் காற்று தின்ற தகடு செதில் செதிலாக உதிர்கிறது. அடுத்த கடிதம் இந்தத் தீவிலிருந்து போகவேண்டும்.