குளிர்காலத்துக்கு ஒரு டைம்டேபிள்

1909 டிசம்பரில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியின் மாணவர் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் ஃப்ரெட் ஹாரிஸ். மூன்றாம் ஆண்டு மாணவர். விஷயம் ரொம்ப எளிமையானது: இந்த ஊரில் குளிர்காலத்தில் என்னதான் செய்வது?

ஹானோவரில் டிசம்பரில் விழ ஆரம்பிக்கும் பனி மார்ச் வரை கிடக்கும். அன்றைய மாணவர்கள் அந்த மாதங்களை அறையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தார்கள். படிப்பு, புகை, சீட்டு, மறுபடி படிப்பு. ஹாரிஸ் பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில், பிராட்டில்பரோவில் வளர்ந்தவர். பனிச்சறுக்குப் பித்து பிடித்தவர். வாரம் ஒரு சின்ன பனிச்சறுக்குப் பயணம், சீசனுக்கு ஒரு நீண்ட மலைப்பயணம், குதிப்பதற்கு ஒரு சறுக்குமேடை, பிப்ரவரியில் ஒரு போட்டி நாள், இவற்றுக்காக ஒரு மாணவர் சங்கம் என்று அவர் யோசனை சொன்னார். 1910 ஜனவரியில் டார்ட்மவுத் அவுட்டிங் கிளப் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்வகைச் சங்கங்களில் மிகப் பழையது அதுதான். அடுத்த ஆண்டே 'விண்டர் கார்னிவல்' என்ற பெயரில் குளிர்காலத் திருவிழாவும் வந்துவிட்டது.

அந்த யோசனையில் என்னைக் கவர்ந்தது அதில் இல்லாத ஒன்று. பாடநேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்தபின் மிச்சமிருக்கும் நேரத்தை மட்டும்தான் ஹாரிஸ் கேட்டார். படிப்பு ஒரு பக்கம், பனி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே மாணவன்தான் ஓடவேண்டும். கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஏற்பாடு அறுபது வருஷம் நீடித்தது. அதன்பிறகு முதல்முறையாகக் கல்லூரி நகர்ந்தது. ஏன் நகர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

*

அதற்கு முன் கடலின் மறுபக்கம் நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதே 1909-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்னால்ட் லன் என்ற மாணவர் இருந்தார். நமக்கு ஒரு தொடர்பு உண்டு. லன் பிறந்தது மெட்ராஸில், 1888-ல். அப்பா ஹென்றி லன் இங்கே வந்த மெதடிஸ்ட் மிஷனரி டாக்டர். இங்கிலாந்து திரும்பிய பின் அவர் பயணத் தொழிலில் இறங்கி, ஆங்கிலேயர்களைக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். மகன் அங்கே பனிச்சறுக்கு கற்றுக்கொண்டார். ஒரு கொடி இன்னொரு கொடி என்று வளைந்து வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் போட்டியை 1922-ல் சுவிட்சர்லாந்தின் மியூரன் கிராமத்தில் வடிவமைத்தவர் அவர்தான். பனியே பார்க்காத ஊரில் பிறந்த ஒருத்தர்!

படிப்பு? லன் ஆக்ஸ்ஃபோர்டில் மலையேற்றச் சங்கம் தொடங்கினார், மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பட்டம் வாங்காமல் வெளியேறினார். 1909 கோடையில் வேல்ஸில் ஒரு பாறையிலிருந்து விழுந்து கால் நொறுங்கியது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடுதான் வாழ்நாள் முழுக்கச் சறுக்கினார். அவர் போன்றவர்களின் முயற்சியால் ஆல்பைன் பனிச்சறுக்கு 1936-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 1952-ல் சர் பட்டமும் வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் பட்டம் இல்லாததால் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. குறையாமல் பார்த்துக்கொள்ள அப்பாவின் கம்பெனி இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு இடையிலான பனிச்சறுக்குப் போட்டியும் 1922-ல்தான் தொடங்கியது. அது நடந்ததோ சுவிட்சர்லாந்தில், வெங்கனில். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவம் எட்டு வாரம். நடுவில் நீண்ட விடுமுறை. அந்த விடுமுறையில் ஆல்ப்ஸுக்குப் போகக் காசு இருப்பவனுக்குப் படிப்பும் பனிச்சறுக்கும் மோதவே மோதாது. ஆக, சமநிலை என்று நாம் சொல்வதில் ஒரு வகை, பணம் கொடுத்து வாங்குவது.

*

டார்ட்மவுத்துக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை, மலை வாசலிலேயே இருந்தது. ஆனால் நேரம் தேவைப்பட்டது. அதை அந்த மாணவர்கள் எப்படித் தேடிக்கொண்டார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஜான் கார்ல்டன் 1922-ல் பட்டம் பெற்றவர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்ட் போய் அங்கும் சறுக்கினார், 1924 சமோனி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார், பிறகு வழக்கறிஞரானார். சார்லி பிராக்டர் அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மகன். 1928-ல் பட்டம், அதே ஆண்டு செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக். அமெரிக்காவில் நவீன ஸ்லாலமை அறிமுகப்படுத்தியவர்களில் அந்த இயற்பியல் பேராசிரியரும் ஒருவர். 1931 ஏப்ரலில் கார்ல்டனும் சார்லியும் சேர்ந்து வாஷிங்டன் மலையின் டக்கர்மன் பள்ளத்தாக்கில் சுவர்போல நிற்கும் சரிவில் முதன்முதலாக இறங்கினார்கள்.

1930-களில் டிக் டுரன்ஸ் வந்தார். ஜெர்மனியின் கார்மிஷில் வளர்ந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் நாடு திரும்பியவர். மாணவராக இருக்கும்போதே 1936 ஒலிம்பிக்கில், அதே கார்மிஷில், ஆல்பைன் கூட்டுப் போட்டியில் 10-ம் இடம் பிடித்தார். 1935-ல் கல்லூரிக்குப் பக்கத்து ஓக் ஹில்லில் மேலே இழுத்துப்போகும் கம்பிவடம் ஒன்றை அமைத்தார்கள். அந்த வகையில் அமெரிக்காவில் அதுதான் முதல். சாதாரண வசதியாகத் தெரியும், ஆனால் படிப்போடு சேர்த்துப் பார்த்தால் பெரிய விஷயம். ஏறுவதற்கே மதியம் முழுக்கச் செலவான இடத்தில், இப்போது ஒரே மதியத்தில் பல தடவை இறங்கலாம். சாயங்காலம் நூலகத்துக்கும் போகலாம்.

கார்னிவல் இதற்குள் நாடறிந்த கொண்டாட்டமாகிவிட்டது. 1939-ல் அதைப் பற்றிப் படமெடுக்க ஹாலிவுட் ஆசைப்பட்டது. திரைக்கதை எழுத எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டையும், டார்ட்மவுத்தின் பழைய மாணவர் பட் ஷூல்பெர்க்கையும் ஹானோவருக்கு அனுப்பினார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் குடித்துச் சரிந்தார். தயாரிப்பாளர் இருவரையும் வேலையைவிட்டுத் தூக்கினார். அந்த அவமானத்தின் சாயலில்தான் ஷூல்பெர்க் பின்னர் 'தி டிஸென்சான்டெட்' நாவலை எழுதினார். பிறகு போர். அமெரிக்க ராணுவம் மலைப்படை திரட்டியபோது முதல் ஆளாகச் சேர்ந்தவர் டார்ட்மவுத் பனிச்சறுக்கு அணியிலிருந்து போன சார்லஸ் மெக்லேன். பின்னாலேயே பலர் போனார்கள். 10-வது மலைப் பிரிவு இத்தாலியில் இழந்தது சுமார் 1000 பேரை.

இந்த வீரகதையில் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை, கவனித்தீர்களா? 1972 வரை டார்ட்மவுத் இளங்கலையில் ஆண்கள் மட்டும்தான். கார்னிவலுக்குப் பெண்கள் விருந்தாளியாக வரலாம். அவர்களில் ஒருவரை 'பனி ராணி'யாகத் தேர்ந்தெடுப்பார்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு இருக்க முடியாது.

*

இங்கேதான் என் தொழிலைச் சேர்ந்த ஒருத்தர் உள்ளே வருகிறார். ஜான் கெமனி. 1926-ல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்து, லாஸ் அலமாஸில் வேலை பார்த்து, பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனுக்குக் கணித உதவியாளராக இருந்து, பிறகு டார்ட்மவுத் கணிதத் துறைக்கு வந்தவர். அவரும் தாமஸ் கர்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய மொழிதான் பேசிக். 1964 மே 1, விடியற்காலை நாலு மணி வாக்கில் முதல் பேசிக் நிரல்கள் ஓடின. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் 10, 20, 30 என்று வரி எண் போட்டு, ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து நாம் அடித்த அதே பேசிக்.

பேசிக்கைவிட முக்கியம், அது ஓடிய டைம்-ஷேரிங் முறை. அதற்கு முன் துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்கணும். கர்ட்ஸ் 1950-களில் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி எம்.ஐ.டி-க்குப் போய் வந்தவர். டைம்-ஷேரிங்கில் ஒரே எந்திரம் தன் நேரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி எல்லாருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எந்திரம் தனக்கே சொந்தம் என்று தோன்றும். இரண்டாவது எந்திரம் வாங்காமல் பலருக்கு இடம் கிடைக்கும்.

1970-ல் கெமனி கல்லூரித் தலைவரானார். பெண்களைச் சேர்க்கணும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் ஆண்களின் எண்ணிக்கையைக் குறைக்க நிர்வாகம் தயாரில்லை. புதிதாகப் பெண்கள் வந்தால் எங்கே தங்கவைப்பது? புதிய விடுதிகள் கட்டப் பணமில்லை. 1972-ல் வந்த விடைக்குப் பெயர் 'டார்ட்மவுத் திட்டம்'. வருடம் முழுக்கக் கல்லூரி இயங்கும். சுமார் பத்து வாரத்துக்கு ஒன்றாக நான்கு பருவங்கள். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் எல்லாரும் வளாகத்தில் தங்கிப் படிப்பார்கள். பதிலுக்கு நடு ஆண்டுகளில் வேறு பருவங்களில் மாணவர்கள் முறைவைத்து வெளியே இருப்பார்கள். அதே கட்டில், அதே மேஜை, அதிகம் பேர்.

இது டைம்-ஷேரிங்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கெமனி அப்படி நினைத்துச் செய்தாரா என்பது வேறு விஷயம். ஒரு வளத்தைப் பெருக்க முடியாதபோது அதன் நேரத்தை வெட்டிப் பங்கிடு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஒரு மனிதர் அதை முதலில் எந்திரத்துக்கும் பிறகு கல்லூரிக்கும் செய்தார்.

இதன் பலன் எதிர்பாராத ஓரிடத்தில் போய் விழுந்தது. பனிச்சறுக்கு வீரருக்குக் குளிர்காலம் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வெளியே போய்ப் போட்டியிட்டுவிட்டு வசந்தத்திலும் கோடையிலும் வந்து படிக்கலாம். ஒருவரிடமும் கெஞ்ச வேண்டாம். அறுபது வருஷம் அசையாத கல்லூரி அசைந்தது பனிச்சறுக்குக்காக அல்ல, பெண்களுக்காக. பெண்களை உள்ளே விடத் திறந்த கதவு வழியாகத்தான் விளையாட்டு வீரர்களும் வந்துபோனார்கள்.

*

இதைப் படித்த நாட்களில் என் கல்லூரித் தோழன் ஒருவனை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். வாலிபால் ஆட்டக்காரன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கி மெக்கானிக்கலில் சேர்ந்தவன். கல்லூரிக்குக் கோப்பை வேண்டும், அதனால் போட்டிக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஓ.டி. ஃபாரம் நிரப்பி, கோச், ஹெச்.ஓ.டி., பிரின்சிபால் என்று மூன்று கையெழுத்து. ஐந்தாம் செமஸ்டரில் ஒரு கையெழுத்து விடுபட்டுப்போய் அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே இறங்கியது. கண்டோனேஷன் ஃபீஸ் கட்டியும் இரண்டு பேப்பர் எழுத விடவில்லை. அரியர். "டைம் மேனேஜ்மெண்ட் பத்தலடா உனக்கு" என்று அவனுக்கு அட்வைஸ் செய்யாதவர்களே இல்லை. அவன் கோப்பை மட்டும் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

நேரத்தைச் சமன்செய்வது தனிமனிதத் திறமை என்றே நமக்குச் சொல்லப்படுகிறது. காலையில் சீக்கிரம் எழு, மொபைலைத் தள்ளிவை, பட்டியல் போடு. இவையெல்லாம் உதவும்தான். ஆனால் டைம்டேபிள் என்பது யாரோ உட்கார்ந்து எழுதியது. எழுதும்போது எந்த மாதிரி மாணவனை மனதில் வைத்திருந்தார்களோ அவனுக்கு அது வசதியாக இருக்கும். மற்றவர்களெல்லாம் ஃபாரத்தோடு அலைவார்கள். லன்னுக்குப் பணம் இருந்தது, ஹாரிஸுக்கு மதியங்கள் இருந்தன. 1972-க்குப் பிறகு வந்தவர்களுக்கு விதியே மாறியிருந்தது.

*

அமெரிக்காவில் இன்று உலகக் கோப்பை அளவுக்குப் போகும் வீரர்களிடம் கல்லூரியா, பனிச்சறுக்கா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அணியில் இருப்பவர் படிக்கப் போனால் 'அவ்வளவுதான்' என்று பேசிய காலம் உண்டு. டேவிட் சோடவுன்ஸ்கி டார்ட்மவுத்தில் பொறியியலும் நிலவியலும் படித்து, 2007-ல் கல்லூரி தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்து, பட்டம் வாங்கிய பிறகுதான் தேசிய அணிக்கே போனார். 2014, 2018 என்று இரண்டு ஒலிம்பிக். பாலா மோல்ட்ஸன் கதை இன்னும் கூர்மையானது. 2016-ல் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டு, வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கச் சேர்ந்தார். 2017-ல் கல்லூரிகளுக்கான தேசிய ஸ்லாலம் பட்டம் வென்றார். படிப்புக்கு நடுவே உலகக் கோப்பைப் போட்டிகளில் இறங்கி, மறுபடி அணிக்குள் வந்தார்.

டார்ட்மவுத்தில் படித்த நீனா ஓப்ரையனுக்கு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், இறுதிக்கோட்டின் அருகே விழுந்து கால் முறிந்தது. லன்னின் காலைப் போலவே, ஒரு விநாடி வேலை. இந்த விளையாட்டில் வாழ்க்கை இப்படித்தான் முடியலாம். அதனால்தான் பட்டம் என்பது இவர்களுக்கு அலங்காரமில்லை. விழுந்த மறுநாளும் கையில் இருக்கிற ஒன்று அது.

ஓப்ரையன் எழுந்து வந்தார். 2023 பிப்ரவரியில் பிரான்ஸின் மெரிபெலில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் கலப்புக் குழுப் போட்டியில் அமெரிக்கா தங்கம் வென்றது. அந்த அணியில் ஓப்ரையன், மோல்ட்ஸன், டார்ட்மவுத் மாணவர் டாமி ஃபோர்ட் மூவரும் இருந்தார்கள். அது ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடினால்தான் ஆடமுடிகிற போட்டி.