நொய்யலின் நிறமும் ஒரு கண்ணாடி வளையமும்

நொய்யலைப் படமெடுக்க விரும்பிய கோவை நண்பரொருவர், போலரைசிங் ஃபில்டர் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார். "வளையம் வட்டமாகத்தான் இருக்கிறது. அதிலே 'சர்குலர்' என்று வேறு எதற்காக எழுதியிருக்கிறார்கள்?" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் பதில் சொல்ல இருநூறு ஆண்டுகள் பின்னே போகவேண்டியிருந்தது.

1808இல் பாரிஸில் எட்டியன் மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைச் சுழற்றச் சுழற்ற, அதில் தெரிந்த இரு பிம்பங்களும் மாறிமாறி மங்கின. எதிரொளிக்கும்போது ஒளியின் அதிர்வு ஒரு தளத்தில் ஒழுங்குபடுகிறது என்று பின்வந்தோர் விளக்கினர். நம் பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன.

1929இல் எட்வின் லேண்ட், நுண்ணிய ஊசிப் படிகங்களை மெல்லிய தாளில் ஒரே திசையில் அடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். ஆய்வகப் படிகத்தின் வேலையைத் தாள் செய்தது. அது கேமராக்காரர்களின் கைக்கும் வந்தது.

சிக்கல் பிறகு எழுந்தது. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒளியைப் பிரித்துத் தரும் பாதி ஊடுருவும் ஆடி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சரியாகப் பிரிக்காது. ஒளியளவும் ஆட்டோஃபோகஸும் பிழைபடும். ஆகவே ஃபில்டரின் பின்புறம் கால் அலைத் தகடு ஒன்றைச் சேர்த்தார்கள். அது அதிர்வைச் சுழலவைக்கிறது. 'சர்குலர்' என்பது அந்தச் சுழற்சியின் பெயர், வளையத்தின் வடிவமன்று.

சாதாரணத் தகடு ஒரு நிறத்துக்குத்தான் துல்லியம். பல நிறங்களுக்கும் பொருந்துமாறு தகடுகளை இணைக்கும் வழியை 1955இல் பெங்களூரிலிருந்து எழுதியவர் எஸ். பஞ்சரத்தினம். சி.வி. ராமனின் சகோதரி மகன். அப்போது வயது 21. 1969இல், 35 வயதில், ஆக்ஸ்போர்டில் மறைந்தார். வானியல் கருவிகளில் அவர் பெயரைத் தாங்கிய தகடுகள் இன்றும் உண்டு.

வாங்குபவருக்கு ஒரு சோதனை: ஃபில்டரின் திருகுப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்கியிருக்க, அதன் வழியே கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். கறுத்துத் தெரிந்தால் சர்குலர். ஆடியில்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் பழைய நேர்வகையே பெரும்பாலும் போதும். இருக்கும் லென்ஸ்களில் பெரியதன் அளவுக்கு ஒன்று வாங்கினால், சிறியவற்றுக்கு இணைப்பு வளையம் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனை பாடு எதற்கு? வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலின் குறுக்கே 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு மாறாகச் சாயக்கழிவைத் தேக்கியது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மேலே வானம் பளபளக்கும்போது எந்த நீரும் படத்தில் அழகாகவே இருக்கும். நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் நோக்கி வளையத்தைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு விலகி, நீரின் சொந்த நிறம் தெரியும். வானத்தின் நீலத்தைப் பிறகு கணினியில் கூட்டிக்கொள்ளலாம். பளபளப்பு மறைத்த நிறத்தை அங்கே மீட்க இயலாது. ஆற்றங்கரையில் நிற்கும்போதே பார்த்தாக வேண்டும்.