பார்க்கர் குடும்பத்துக் கோட்டை

கோட்டை என்றவுடன் நம் மனக்கண் முன் வருபவை கோல்கொண்டா, சித்தூர் போன்ற இடங்களின் கல் மதில்கள்தான். அரசனும் சேனையும் இல்லாமல், ஒரு குடும்பம் தன் பெண்டு பிள்ளைகளைக் காத்துக்கொள்ள மரத்தால் கட்டிக்கொண்ட கோட்டைகளும் சரித்திரத்தில் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், க்ரோஸ்பெக் என்ற சிற்றூருக்கு அருகே அமைந்த பார்க்கர் கோட்டை அவற்றுள் ஒன்று.

ஜான் பார்க்கர் என்ற முதியவரின் பெரிய குடும்பம் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்து வந்தது. அப்போது டெக்ஸாஸ் மெக்ஸிகோவின் ஆளுகையில் இருந்தது. அங்கு குடியேறும் குடும்பத்துக்கு ஒரு 'லீக்', அதாவது சுமார் 4,428 ஏக்கர் நிலம் கிடைக்கும். ஆனால் கத்தோலிக்கம் அல்லாத சபை எதையும் அங்கே ஸ்தாபிக்கக் கூடாது என்பது சட்டம். ஜானின் மகன் டேனியல் ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஸ்தாபிக்கத்தானே தடை, ஏற்கெனவே இருக்கும் சபையை அழைத்து வரத் தடை இல்லையே என்று யோசித்தார். 1833-இல் இல்லினாயிலேயே ஒரு சபையை ஸ்தாபித்து, அங்கத்தினர்களோடு அதை அப்படியே டெக்ஸாஸுக்குக் கொண்டு வந்துவிட்டார்! விதிகளோடும் உபவிதிகளோடும் காலம் தள்ளிய என் போன்ற ஓய்வுபெற்ற அதிகாரிகளால் இந்த சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியாது.

டேனியல் வேறிடத்தில் தங்கினார். தந்தை ஜானும், மற்ற மகன்களான ஜேம்ஸ், சைலஸ், பெஞ்சமின் ஆகியோரும், உறவினர்களும் சேர்ந்து 1834 வாக்கில் கோட்டையைக் கட்டினர். கூராகச் சீவிய மரங்களை நெருக்கமாக நட்டு எழுப்பிய, சுமார் 12 அடி உயரச் சுவர். மூலையில் காவல் மாடம். உள்ளே மர வீடுகள். நிலத்துக்கு மெக்ஸிகோ அரசின் பட்டா இருந்தது. ஆனால் அந்தப் பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாகத் திரிந்து வேட்டையாடிய பூர்வகுடியினரை (நாம் பள்ளியில் செவ்விந்தியர் என்று படித்தவர்கள்) யாரும் கேட்கவில்லை. பின்னால் வந்த துயரங்களுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

1836 மே 19. டெக்ஸாஸ் மெக்ஸிகோவிடமிருந்து விடுபடக் காரணமான சான் ஜசிண்டோ போர் முடிந்து சரியாக நான்கு வாரங்கள். ஆண்களில் பலர் வயலுக்குப் போயிருந்தனர். கோட்டைக் கதவு திறந்தே கிடந்தது. கமான்ச்சிகளும் அவர்களின் நேசக் குடியினருமாகப் பெருங்கூட்டம் ஒன்று வெள்ளைக்கொடியுடன் வந்தது. பேசிப் பார்க்க வெளியே சென்ற பெஞ்சமின் கொல்லப்பட்டார். ஜான், சைலஸ் உட்பட மொத்தம் ஐவர் மாண்டனர், ஐவர் சிறைபிடிக்கப்பட்டனர். தப்பியவர்கள் காட்டு வழியே பல நாட்கள் நடந்து உயிர் பிழைத்தனர். 12 அடிச் சுவர் உடையவே இல்லை. அதற்கு வேலையே வரவில்லை.

கைதிகளில் ஒருவரான ரேச்சல் பிளம்மர், மீட்கப்பட்ட பின் தாம் பட்ட கொடுமைகளை 1838-இல் எழுதி வெளியிட்டு, அடுத்த ஆண்டே காலமானார். சைலஸின் மகள் சிந்தியா ஆனின் கதையோ வேறு விதம். பிடிபட்டபோது அவளுக்கு வயது சுமார் 9. கமான்ச்சிகள் அவளைத் தங்கள் பெண்ணாகவே வளர்த்தனர். பீட்டா நொகோனா என்ற தலைவரை மணந்து மூன்று குழந்தைகளுக்குத் தாயானாள். 1860 டிசம்பரில் டெக்ஸாஸ் ரேஞ்சர் படையினர் பீஸ் நதிக்கரையில் தாக்கி, கைக்குழந்தையோடு அவளைப் பிடித்தனர். இதை 'மீட்பு' என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1861-இல் டெக்ஸாஸ் சட்டசபை அவளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் வீதம் ஐந்தாண்டு உதவித்தொகையும், ஒரு லீக் நிலமும் வழங்கியது. பாட்டனார் தேடி வந்த அதே ஒரு லீக்!

அவளுக்கு வேண்டியது நிலம் அல்ல. பிரிந்த பிள்ளைகளிடம் போய்ச் சேரவேண்டும் என்பதே. பலமுறை தப்பிச் செல்ல முயன்றாள். அக்காலத்துப் புகைப்படத்தில் அவள் தலைமுடி வெட்டப்பட்டிருக்கிறது. கமான்ச்சி வழக்கில் அது துக்கத்தின் அடையாளம். கைக்குழந்தையும் சில ஆண்டுகளில் இறந்தது. 1870 வாக்கில் அவளும் மறைந்தாள். மகன்களைக் கடைசிவரை பார்க்கவில்லை.

மூத்த மகன் க்வானா, கமான்ச்சிகளின் கடைசிப் போர்களில் தலைவனாக நின்று 1875-இல் சரணடைந்தார். அதன்பின் தாயின் குடும்பப் பெயரையே ஏற்று 'க்வானா பார்க்கர்' ஆனார். 1910-இல் தாயின் எச்சங்களைத் தேடி எடுத்து வந்து, ஒக்லஹோமாவில் தம் மக்களிடையே அடக்கம் செய்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் தாமும் காலமாகி அவள் அருகிலேயே அடக்கமானார்.

1936-இலும் 1967-இலும் அந்தக் கோட்டை பழைய இடத்திலேயே திரும்பக் கட்டப்பட்டது. டல்லஸிலோ ஹூஸ்டனிலோ பிள்ளைகளிடம் போகும் நம் அங்கத்தினர்கள், இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட அவ்விடத்தை அவசியம் பார்க்கலாம்.

முதல் நிகழ்ச்சியைக் 'கடத்தல்' என்றும் இரண்டாவதை 'மீட்பு' என்றும் ஆவணங்கள் எழுதி வைத்தன. சிந்தியா ஆனுக்கு இரண்டும் ஒன்றுதான்: இரண்டு முறையும் அவளைத் தன் குடும்பத்திலிருந்து பிறர் பிடுங்கிச் சென்றனர். குடும்ப சரித்திரம் எழுத முனைவோர், வென்றவர் வைத்த பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், நடுவில் அகப்பட்டவரின் துக்கத்தையும் விசாரித்து எழுதுவதே நியாயம்.