வேலைக் கதவு – அத்தியாயம் 9: என் ஆலை, என் விருப்பம்

"எங்கிள்."

செனட் எழுத்தர் பெயரை அழைத்துவிட்டார். பதில் இல்லை. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

1964 ஜூன் 10. கலிஃபோர்னியாவின் செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் அவைக்குள் அழைத்து வந்திருக்கிறார்கள். மூளையில் கட்டி. பேச்சு போய்விட்டது. வாயைத் திறக்கிறார், குரல் எழவில்லை. அவை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, கையை மெல்லத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டுகிறார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும், 'ஆதரிக்கிறேன்' என்று வாக்களிக்கும் சொல்லுக்கும் ஒரே ஓசை: 'ஐ'. எழுத்தர் அதை வாக்காகப் பதிந்துகொண்டார்.

விவாதத்தை முடித்துவைக்க 67 வாக்குகள் வேண்டும். விழுந்தவை 71. எதிர்த்தவை 29. மார்ச் மாத இறுதியிலிருந்து தென்மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே சிவில் உரிமை மசோதாவை முடக்கி வைத்திருந்தார்கள். முந்தைய இரவு மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் எழுந்தவர், 14 மணி 13 நிமிடம் பேசிவிட்டு மறுநாள் காலையில்தான் அமர்ந்தார். அந்தப் பேச்சுக்கெல்லாம் இப்போது முற்றுப்புள்ளி விழுந்தது. சிவில் உரிமை மசோதா ஒன்றுக்காக செனட் இப்படி விவாதத்தை முடித்துவைத்தது அதுவே முதல் முறை. எங்கிள் அடுத்த மாதமே இறந்துபோனார்.

இனி அந்த 29 பேரிடம் வருவோம். அவர்களில் பெரும்பாலோர் இனப் பிரிவினையைக் கட்டிக் காக்க வந்த தென்னகத்து ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்களுடைய வாதங்களுக்கு இங்கே இடம் ஒதுக்கப் போவதில்லை, முந்தைய அத்தியாயங்களில் போதுமான அளவு பார்த்துவிட்டோம். ஆனால் அந்த வரிசையில் சேராத ஒருவரும் எதிர்த்து வாக்களித்தார். அரிசோனாவின் பாரி கோல்டுவாட்டர். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அடுத்த மாதம் அறிவிக்கப்பட இருந்தவர்.

கோல்டுவாட்டரை இனவெறியர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. 1957 சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர், 1960 சட்டத்தையும் ஆதரித்தவர் அவர். அரிசோனாவின் விமானத் தேசியக் காவல் படையை உருவாக்கியபோது, நாட்டின் ராணுவத்துக்கு முன்பாகவே அதில் நிறப் பிரிவினையை நீக்கியவர். ஃபீனிக்ஸ் நகரில் பெரிய துணிக்கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம்.

ஜூன் 18 அன்று அவர் அவையில் எழுந்தார். மசோதாவின் இரண்டு பகுதிகளை மட்டும் தன்னால் ஏற்க முடியாது என்றார். ஒன்று, ஹோட்டல்களும் உணவகங்களும் எல்லோரையும் அனுமதிக்க வேண்டும் என்ற இரண்டாம் பகுதி. மற்றொன்று, நிறம், மதம், பால், பிறந்த நாடு பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்ற ஏழாம் பகுதி. இவற்றை விதிக்க மத்திய அரசுக்கு அரசமைப்பில் இடமில்லை, நிறைவேற்றப் போனால் பெரும் போலீஸ் படையே தேவைப்படும், அண்டை வீட்டாரை அண்டை வீட்டாரும் தொழிலாளியைத் தொழிலாளியும் வேவு பார்க்கும் நாடாக இது மாறிவிடும் என்று எச்சரித்தார்.

நம் பேச்சில் சொன்னால் அவருடைய கேள்வி இதுதான்: என் பணம் போட்டு நான் கட்டிய கடையில் யாரைக் கல்லாவில் உட்கார வைப்பது என்பதை அரசு எப்படித் தீர்மானிக்கலாம்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் இதே கருத்தை ஒரு புத்தகத்தில் விரிவாக எழுதியிருந்தார். பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கும் அதிகாரத்தை இன்று அரசிடம் கொடுத்தால், அதே அதிகாரம் நாளை பாகுபாடு பார்க்கக் கட்டாயப்படுத்தும் என்பது அவர் கவலை. பாகுபாட்டைக் கட்டாயமாக்கும் நிறச் சட்டங்களையும் சேர்த்துத்தான் அவர் எதிர்த்தார்.

இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஒருவர் யாரை நண்பராகக் கொள்வது, யாரை வீட்டுக்கு அழைப்பது என்பதில் சட்டம் நுழைந்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் தென்னகத்தின் ஆலை வாசலில் நின்று இந்த வாதத்தைக் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. அதற்கு நாம் 1915-க்குப் போக வேண்டும்.

தென் கரோலினா. பஞ்சாலைகளின் மாநிலம். அந்த ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. பஞ்சாலையில் வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது. ஒரே வாசல் வழியாக ஒரே நேரத்தில் நுழையக் கூடாது. ஒரே படிக்கட்டில் ஒரே நேரத்தில் ஏறக் கூடாது. சம்பளத்தை ஒரே ஜன்னலில் ஒரே நேரத்தில் வாங்கக் கூடாது. ஒரே வாளியில் தண்ணீர் குடிக்கக் கூடாது. மீறும் முதலாளிக்குத் தண்டனை. விலக்கு யாருக்கு என்றும் சட்டமே எழுதி வைத்தது: கொதிகலன் அறையின் எடுபிடிகளுக்கு, கட்டட வேலைக்காரர்களுக்கு, தரை துடைப்பவர்களுக்கு, கழிப்பறையைச் சுத்தம் செய்பவர்களுக்கு.

திறமையான கறுப்பு நெசவாளி ஒருவரைத் தறியில் நிறுத்த ஒரு முதலாளி விரும்பினாலும் இரண்டாவது அறை கட்டியாக வேண்டும், வாசலுக்கும் படிக்கட்டுக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஃப்ரீட்மன் அஞ்சிய அதிகாரம் அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருந்தது. முதலாளியின் சுதந்திரம் பறிபோகிறது என்று அப்போது தென்னகத்து செனட்டர்கள் யாரும் விடிய விடியப் பேசவில்லை.

தொழிலாளி பக்கம் பாருங்கள். பஞ்சாலை ஊர்களில் ஆலைதான் வேலை கொடுக்கும். வீடும் பெரும்பாலும் ஆலைக்குச் சொந்தம். அந்த ஊரில் ஒரு கறுப்பினத்தவருக்கு 'பிடிக்காவிட்டால் வேறு முதலாளியிடம் போ' என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? எந்த முதலாளியிடம் போவார்? இரண்டு உலகப் போர்கள் வந்தன, ஆள் பற்றாக்குறை வந்தது, பொருளாதாரம் விழுந்து எழுந்தது. அந்த மாநிலத்தின் பஞ்சாலைகளில் கறுப்பினத்தவரின் பங்கு மட்டும் பல பத்தாண்டுகள் அடிமட்டத்திலேயே கிடந்தது. அது செங்குத்தாக ஏறத் தொடங்கியது 1965-க்குப் பிறகு. சந்தை தானாகவே சரிசெய்துவிடும் என்று சொன்னவர்களுக்கு அரை நூற்றாண்டு அவகாசம் இருந்தது. அவர்கள் தோற்றார்கள் என்றே நான் சொல்வேன்.

இத்தனைக்கும் சட்டத்தை எழுதியவர்கள் முதலாளியின் சுதந்திரத்தை மறந்துவிடவில்லை. ஓட்டு கிடைக்க அதை மறக்கவும் முடியாது. சிறு கடைகளுக்கு விலக்கு: முதல் ஆண்டில் 100 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே சட்டம், பிறகு 75, 50, கடைசியில் 25. தனியார் மன்றங்களுக்கு விலக்கு. மத அமைப்புகள் தம் மதப் பணிக்குத் தம் மதத்தவரையே எடுத்துக்கொள்ளலாம். நிறக் கணக்குப்படி ஆள் எடுக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. புகார்களை விசாரிக்கப் புதிய ஆணையம் உண்டு, ஆனால் அப்போது அதற்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரம் இல்லை. சமரசம் பேசலாம், அவ்வளவுதான்.

இவற்றோடு இன்னொரு வாக்கியமும் சேர்ந்தது. டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர் கொண்டுவந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஒரு நிறுவனம் வேலைக்கு வைத்த தேர்வு பாகுபாடானது என்று மாநில அதிகாரி ஒருவர் அப்போதுதான் முடிவு சொல்லியிருந்தார். முதலாளிகள் பதறினார்கள். திறமையைச் சோதிப்பதுகூடக் குற்றமா? ஆகவே, வல்லுநர்கள் தயாரித்த திறனறித் தேர்வுகளை முதலாளி நடத்தலாம், பாகுபாடு காட்டும் நோக்கத்தோடு நடத்தாதவரை, என்று சட்டத்தில் எழுதப்பட்டது. நியாயமான வாக்கியம். படித்துப் பார்த்தால் யாருக்கும் குறை தெரியாது. அந்த வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 19 அன்று 73-க்கு 27 என்று மசோதா நிறைவேறியது. கோல்டுவாட்டர் எதிர்த்தே வாக்களித்தார். ஜூலை 2 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். நவம்பர் தேர்தலில் கோல்டுவாட்டர் வென்றவை ஆறே மாநிலங்கள்: சொந்த அரிசோனாவும், ஆழ்தெற்கின் ஐந்தும்.

வேலை பற்றிய ஏழாம் பகுதி ஓராண்டு கழித்து, 1965 ஜூலை 2 முதல் அமலுக்கு வர வேண்டும்.

வட கரோலினாவில் டிரேப்பர் என்ற ஊர். டான் ஆற்றங்கரையில் டியூக் பவர் நிறுவனத்தின் அனல் மின் நிலையம். 95 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு ஐந்து பிரிவுகளில் ஒன்றில் மட்டுமே இடம்: எடுபிடி வேலைகளுக்கான 'லேபர்' பிரிவு. அங்கே கிடைக்கும் அதிகபட்சக் கூலி, மற்ற நான்கு பிரிவுகளின் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. இனி நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்த 14 பேர் எத்தனையோ ஆண்டுகளாகக் காத்திருந்த நாள் அது.

1965 ஜூலை 2. சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில் அந்த மின் நிலையத்திலும் ஒரு புதிய விதி அமலுக்கு வந்தது. மற்ற நான்கு பிரிவுகளில் புதிதாகச் சேர, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். 'லேபர்' பிரிவுக்கு மட்டும் எந்தத் தேர்வும் தேவையில்லை.

(அடுத்த வாரம் தொடரும்)