எழுத்து மாறியது, ஒலி மாறவில்லை

சீனாவின் கால்வாய் நகரமான சூசோவில், சாங்மென் கோட்டைவாசலுக்கு வெளியே இருக்கிறது லியூ யுவான். யுவான் என்றால் தோட்டம். (சீன நாணயத்தின் பெயரும் காதுக்கு அதேதான், எழுத்து வேறு.) லியூ என்றால் தங்கு, எஞ்சியிரு. அழகில் லயித்து அங்கேயே தங்கிவிடச் சொல்லும் தோட்டம் என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் இந்தப் பெயர் பிறந்தபோது அதில் கவிதை எதுவும் இல்லை. அது ஒரு வீட்டுக்காரரின் குடும்பப் பெயர்.

மிங் காலத்தில், 1593இல், பதவி போய் ஊர் திரும்பிய ஷூ தைஷி என்ற அதிகாரி அமைத்தபோது இது வெறும் 'கிழக்குத் தோட்டம்'. அவருடைய மேற்குத் தோட்டம் பின்னாளில் பௌத்தக் கோயிலாயிற்று. அதை இன்றும் 'மேற்குத் தோட்டக் கோயில்' என்றே அழைக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை வாங்கியவர் லியூ ஷு. பாறைகள்மேல் பெரும் பித்துக் கொண்டவர். பைன் மரங்களும் மூங்கிலும் தந்த நிறத்தை வைத்து 'ஹான்பி' மனை, அதாவது குளிர்பச்சை மனை, என்று பெயரிட்டார். படித்தவர்கள் மெச்சும் பெயர்தான். ஊர் வாயில் அது நிற்கவில்லை; 'லியூ வீட்டுத் தோட்டம்' என்பதே நின்றது.

1860இல் தைப்பிங் கிளர்ச்சிப் போரில் சாங்மென் பகுதி எரிந்து சாம்பலானது; தோட்டம் பெருமளவு தப்பியது. 1873இல் ஷெங் காங் என்பவர் அதை வாங்கினார். அடுத்தவர் குலப்பெயரை வாசலில் வைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஊர் வாயையோ மாற்ற முடியாது. குலப்பெயரான லியூவை எடுத்துவிட்டு, உச்சரிப்பில் இம்மியும் பிசகாத, 'எஞ்சியிரு' எனும் லியூவை எழுதினார். காதால் கேட்பவருக்கு எதுவும் மாறவில்லை; பலகையைப் படிப்பவருக்கு மட்டும் பழைய உரிமையாளர் மறைந்துபோனார். நம் சிலேடையில் ஒரே சொல் இரு பொருள் தரும். இங்கே ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து.

இது அவர் கண்டுபிடித்த உத்தியல்ல. நான்ஜிங்கில் சூய் என்பவரின் தோட்டத்தை வாங்கிய கவிஞர் யுவான் மெய், அதே ஒலியில் 'போக்கில் விடு' எனும் சூயை எழுதி முன்பே வழி காட்டியிருந்தார்.

1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இத்தோட்டத்தை ஆங்கிலத்தில் 'லிங்கரிங் கார்டன்' என்கிறார்கள். லயித்து நிற்பது மட்டும் அதில் வந்தது. போரில் எஞ்சிய கதை வரவில்லை. லியூ ஷுவின் 'ஹான்பி'யோ முழுக்க அழியவில்லை. குளக்கரைப் பெருங்கூடத்தின் பெயர் இன்றும் ஹான்பிதான். ஆனால் பலகையில் 'குளிர்' எனும் ஹான் இல்லை. 'உள்ளடக்கிய' எனும் இன்னொரு ஹான்.